கிராபிக்ஸ் கார்டும் கோடை வெயிலும்: தன்னார்வக் கணிமை குறித்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் தன்னார்வக் கணிமை பற்றி எழுதியிருந்தோம். வீட்டுக் கணிப்பொறி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் உழைப்பை விஞ்ஞானிகளுக்கு இரவல் கொடுப்பதுதான் அது. 1999ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, வேற்றுலக அறிவுயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டம் இம்முறையை உலகம் அறியச் செய்தது. 2020 மார்ச் இறுதியோடு அது புதிய வேலைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் என்ற மென்பொருளில் இன்றும் பல திட்டங்கள் இயங்குகின்றன. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு கவலைகளையே சுற்றி வந்தன: குறைந்த விலையில் எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குவது, வாங்கியதை நம் ஊர் வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது. அவற்றிலிருந்து தேர்ந்த கேள்விகள் கீழே.

கேள்வி: விண்வெளிச் சமிக்ஞைகளை அலசும் ஐன்ஸ்டைன் அட் ஹோம், புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் ஆகிய இரண்டு தன்னார்வத் திட்டங்களிலும் சேர விரும்புகிறேன். கையில் அதிகப் பணம் இல்லை. விளையாட்டுக்காக கார்டு வாங்கும் நண்பர்கள் ஆளுக்கொரு மாடலைச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?
(கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: நண்பர்கள் சொல்வது அவர்கள் தேவைக்குச் சரிதான். ஆனால் விளையாட்டுக்கு வாங்கும் கார்டு நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும். உங்கள் கார்டு இரவு பகலாக, முழுச் சுமையில், மாதக்கணக்கில் ஓடப் போகிறது. ஆகையால் பெட்டியின் மேல் நீங்கள் முதலில் தேட வேண்டிய எண் வாட். அந்த வாட் முழுவதும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் வந்து சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

சில எண்களைச் சொல்கிறேன். ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு 75 வாட், 4 ஜிபி நினைவகம். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு இரண்டு வகையாக விற்கிறது. 8 ஜிபி கொண்டது 130 வாட் எடுக்கும். 2024இல் வந்த 6 ஜிபி வகைக்கு 70 வாட் போதும். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 125 வாட், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால், அந்த அளவுக்குள் அடங்கும் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணிப்பொறிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனி வயர் தேவைப்படாது. பழைய அலுவலகக் கணிப்பொறியை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

கோர் (சிப்புக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு) எண்ணிக்கையை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். 1650இல் 896 கோர்களும் 6 ஜிபி 3050இல் 2,304 கோர்களும் உள்ளன. அதற்காக இரண்டாவது கார்டு இரண்டரை மடங்கு வேகம் என்று கணக்குப் போடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு தலைமுறை; கோரை எண்ணும் முறையே இடையில் மாறிவிட்டது. இருந்தாலும் ஏறத்தாழ அதே வாட்டில் 3050 கணிசமாக முந்துகிறது என்பதில் சந்தேகமில்லை.

அடுத்து, திட்டம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்கு ஓப்பன்சிஎல் (பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவான கணக்கு முறை) ஓடும் கார்டு போதும். என்விடியாவும் ஏஎம்டியும் இரண்டுமே சரி. ஃபோல்டிங் அட் ஹோமும் இரண்டையும் ஏற்கும். ஆனால் 2020 செப்டம்பரில் அவர்கள் என்விடியாவுக்கே உரிய கூடா என்ற கணக்கு முறையைச் சேர்த்த பிறகு என்விடியா கார்டுகளின் கை ஓங்கிவிட்டது. பார்சிலோனாவிலிருந்து நடக்கும் ஜிபியுகிரிட் என்ற திட்டத்தில் சேரும் எண்ணமும் இருந்தால் என்விடியாவை எடுப்பதே நல்லது. நினைவகம் போதாத கார்டுக்குச் சர்வர் சில வேலைகளை அனுப்பவே அனுப்பாது. எனவே இன்று புதிதாக வாங்குபவர் 6 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக, டிரைவரின் (கார்டை இயக்க அதன் தயாரிப்பாளர் தரும் மென்பொருள்) ஆயுள். ஜிடி 710 போன்ற மிக மலிவான கார்டு இன்னும் கடைகளில் தொங்குகிறது. அதன் தலைமுறைக்கு 470 வரிசையோடு டிரைவர் முடிந்துவிட்டது. 1050 டிஐ, 1060 முதலான பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 580 வரிசையே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. இன்றைக்கு அவை ஓடும். நான்கு ஆண்டு கழித்துத் திட்டங்கள் புதிய டிரைவரைக் கேட்கும்போது நிற்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 6 ஜிபி 3050ஐ வாங்குவேன். பிராசஸரின் ஒரு கோரை கார்டுக்கென்று ஒதுக்கிவைப்பேன். ஏனென்றால் என்விடியா கார்டில் ஓடும் ஓப்பன்சிஎல் வேலைகள் பெரும்பாலும் பிராசஸரின் ஒரு கோரை முழுமையாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கோரையும் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு, கார்டு ஏன் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று தலையைச் சொறிந்தவர்கள் பலர்.

கேள்வி: நம் பால்வீதியை ஆராயும் மில்கிவே அட் ஹோம் திட்டத்துக்குப் பழைய ரேடியான் எச்டி 7970தான் சிறந்தது, மலிவாகவும் கிடைக்கும் என்று படித்தேன். வாங்கலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த அறிவுரை ஒரு காலத்தில் முழு உண்மை. மில்கிவே திட்டத்தின் கார்டு வேலைகளுக்கு இரட்டைத் துல்லியக் கணக்கு (எண்களை வழக்கத்தைவிட அதிக இலக்கங்களோடு கையாள்வது) தேவைப்பட்டது. 2012இன் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த 7970, தன் சாதாரண வேகத்தின் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் அதைச் செய்தது. இன்றைய ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகள் 64இல் ஒரு பங்குதான் செய்யும். ஆனால் அந்த வேலைகள் 2023இல் முடிந்துவிட்டன. இப்போது அத்திட்டம் பிராசஸருக்கு மட்டுமே வேலை அனுப்புகிறது. மற்ற வேலைகளுக்காக 250 வாட் எடுக்கும் பழைய கார்டை வெயில் காலத்தில் ஓட்டுவது வீண் செலவு.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் 1660 சூப்பர் பாதி விலைக்குச் சொல்கிறார்கள். "மைனிங்" செய்த கார்டு என்று நண்பர் பயமுறுத்துகிறார். எப்படிச் சோதிப்பது?
(சென்னை வாசகர்)

பதில்: 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை அந்த நாணயத்தைக் கணக்குப் போட்டுத் தோண்டிக்கொண்டிருந்த ("மைனிங்") கார்டுகள் உலகம் முழுவதும் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வருவது நடக்கக்கூடியதே. தோண்டியது என்பதாலேயே கார்டு கெட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. அளவான வாட்டில் சீராக ஓடிய கார்டின் சிப்புக்குப் பெரிய கேடு வருவதில்லை. தேய்வது மின்விசிறி, காய்வது சிப்பின் வெப்பத்தை மேலுள்ள ஹீட்சிங்குக்கு (வெப்பம் வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கடத்தும் தெர்மல் பேஸ்ட். இரண்டையும் மாற்ற முடியும்.

கடையில் நின்று செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கார்டை வெளிச்சத்தில் சாய்த்து, மின்விசிறி இறக்கைகளுக்கு இடையே தெரியும் அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். தூசி பஞ்சுபோல் இருந்தால் பரவாயில்லை. விரலில் ஒட்டும் பழுப்புப் பிசுக்காக இருந்தால், அந்தக் கார்டு புகையிலோ எண்ணெய் ஆவியிலோ வாழ்ந்திருக்கிறது. ஒவ்வொரு மின்விசிறியையும் விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரவென்று உரசினாலோ, அச்சு இப்படியும் அப்படியும் ஆடினாலோ, மின்விசிறிக்கான செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். மின் இணைப்பு முனையில் பிளாஸ்டிக் உருகியோ பழுத்தோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு கணிப்பொறியில் செருகச் சொல்லி, ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். பழைய கார்டின் உள்நிரலை மாற்றி எழுதி 1050 டிஐ என்ற பெயரில் விற்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. அத்தகைய போலிகளில் பலவற்றை அந்த மென்பொருளே அடையாளம் காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 வாங்குபவர்கள் கோர் எண்ணிக்கை 2,304 என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 2,048 என்று காட்டினால் அது 570க்குச் சமமான கார்டு.

கால் மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அப்போது சிப்பின் சராசரி வெப்பநிலைக்கும் "ஹாட்ஸ்பாட்" என்று காட்டும் உச்ச வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 10 முதல் 15 டிகிரி இடைவெளி இயல்பானது. 25 டிகிரியைத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாகப் பதியவில்லை என்று பொருள். பேஸ்ட்டை நீங்களே மாற்றலாம். ஆனால் நினைவகச் சிப்புகளின் மேலுள்ள தெர்மல் பேடுகளை மாற்றுவதானால், பழையதன் தடிமனை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நடுச் சிப்பின் மேல் படியாமல் போகும். முன்னைவிட அதிகமாகச் சுடும். வாரண்டி மீதமிருக்கும் கார்டைத் திறக்கும் முன் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது உங்கள் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்த்து "450 வாட்" என்று எழுதிக் கொடுக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி 125 வாட் கார்டை இரவெல்லாம் ஓட்டாதீர்கள். கார்டுக்கான ஆறு முனை வயர் இல்லையென்று, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா வயரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் அடாப்டரை வாங்கவே வாங்காதீர்கள். ஆறு முனை இணைப்பு 75 வாட் வரை கேட்கலாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அந்த முனை கருகிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆள் தூங்கும்போது ஓடும் இயந்திரத்தில் அந்த அபாயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: டிசம்பரில் 68 டிகிரியில் ஓடிய கார்டு, இப்போது மே மாதத்தில் 84ஐத் தொடுகிறது, மின்விசிறி இரைச்சலில் வீட்டில் பேச முடியவில்லை. கார்டு பழுதாகிவிட்டதா? ஏர் கூலரைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்)

பதில்: ஐயா, உங்கள் கார்டில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. ஹீட்சிங்க் கார்டைக் குளிர்விப்பதில்லை. கார்டின் வெப்பத்தை எடுத்துச் சுற்றியுள்ள காற்றிடம் கொடுக்கிறது. ஆகவே கார்டின் வெப்பநிலை எப்போதும் "அறையின் வெப்பநிலை, அதற்கு மேல் இவ்வளவு" என்றுதான் அமையும். டிசம்பரில் உங்கள் அறை 25 டிகிரி இருந்திருந்தால், கார்டு 43 டிகிரி மேலே நின்றது. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வீட்டு அறை பிற்பகலில் 38ஐத் தொட்டால், அதே 43ஐக் கூட்டுங்கள்: 81. மீதி மூன்று டிகிரி தூசியின் கைங்கரியமாக இருக்கலாம்.

அந்த 43ஐக் குறைப்பதற்கு எளிய வழி, கார்டு எடுக்கும் மின்சாரத்தைக் குறைப்பது. இதைச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை விட்டுக்கொடுப்பதா என்கிறார்கள். சிப் எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்துக்கு ஏற்பக் கூடுவதோடு, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். தயாரிப்பாளர்கள் போட்டியில் முந்துவதற்காக கார்டை அதன் கடைசி எல்லைவரை விரட்டி விற்கிறார்கள். அந்த எல்லையில் கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்காக மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. சற்றே கீழே இறங்கினால் மின்சாரம் மளமளவென்று குறையும். வேகம் கொஞ்சம்தான் குறையும். என் வீட்டில் ஓடும் 1660 சூப்பரை 125 வாட்டிலிருந்து 90 வாட்டுக்கு இறக்கி வைத்திருக்கிறேன். ஒரு வேலை முடிய ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் கூடியது. வெப்பநிலை 11 டிகிரி இறங்கியது. மின்விசிறிச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை.

விண்டோஸில் இதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் உண்டு. வேறு நிறுவனத்தின் கார்டானாலும் அது வேலை செய்யும். அதில் "பவர் லிமிட்" என்ற அளவுகோலை 75 விழுக்காட்டுக்கு இழுத்து, கணிப்பொறி தொடங்கும்போதே அது அமலாகும்படி குறித்துவிடுங்கள். லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் வாட் எண்ணைக் கொடுத்தால் போதும். மறுதொடக்கத்தில் மறந்துவிடும் என்பதால் தொடக்க நிரலில் எழுதிவைக்க வேண்டும். ஏஎம்டி கார்டுகளுக்கு அதன் டிரைவர் மென்பொருளிலேயே இவ்வசதி இருக்கிறது.

அடுத்தது கேபினெட். உங்கள் கடிதத்தில், கணிப்பொறி மேசையின் கீழ்த்தட்டில், கதவுள்ள மர அறைக்குள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் விற்கும் கணிப்பொறி மேசைகள் பலவற்றில் அந்த அறை இருக்கிறது. இரவு பகலாக ஓடும் கணிப்பொறிக்கு அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. பின்னால் வெளியேறும் சூடான காற்று மரப்பலகையில் மோதித் திரும்பி, முன்பக்கமாக மறுபடி உள்ளே போகிறது. முதல் வேலையாக வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் அல்லாமல் ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். தரையோரத்தில்தான் தூசி அதிகம்.

பிறகு ஒரு சோதனை. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பநிலை 8, 10 டிகிரி குறைந்தால் கார்டில் குறையில்லை. கேபினெட்டுக்குள் காற்றுப் போக்குவரத்து இல்லை. முன்பக்கம் உள்ளே இழுக்க ஒன்று, பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று என 120 மில்லிமீட்டர் மின்விசிறிகள் இரண்டு பொருத்தினால் போதும். எந்தப் பக்கம் காற்று போகிறது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும்: மின்விசிறியில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். மூடிவிட்டு, முன்வலை அருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை கோடாக உள்ளே இழுபட்டு, பின்பக்கம் கலங்கி வெளிவர வேண்டும். முன்வலைக்கருகே புகை தயங்கிச் சுழன்றால் எங்கோ அடைபட்டிருக்கிறது.

பிராசஸரும் தன்னார்வக் கணிமையில் முழுவதுமாக ஓடினால் அதன் வெப்பமும் அதே பெட்டிக்குள்தான் சேரும். கோடை முடியும்வரை பாயிங்க் அமைப்பில் கோர்களின் பங்கைப் பாதியாக்குங்கள். அதே இடத்தில் நாள்வாரியாக நேரம் குறிக்கும் வசதியும் உண்டு. மே மாதத்தில் இரவு பத்து மணி முதல் காலை எட்டு மணி வரை மட்டும் ஓட்டுங்கள். என் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

ஏர் கூலரைக் கணிப்பொறியை நோக்கித் திருப்ப வேண்டாம். குளிர்ந்த காற்றோடு ஈரமும் நுண்துளிகளும் வரும். அந்த நீரிலுள்ள உப்பு, கார்டின் மேல் படிந்த தூசியோடு சேர்ந்தால் கெடுதல். சாதாரண மேசை மின்விசிறியை ஜன்னல் பக்கமிருந்து திருப்பி வையுங்கள், அது போதும். 84 டிகிரியில் கார்டு உடனே செத்துவிடாது. எல்லையை நெருங்கியதும் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் ஓடினால் மின்விசிறியும் பேஸ்ட்டும் சீக்கிரம் தேயும். முழுச் சுமையில் 75க்குக் கீழே வைத்திருப்பதை இலக்காகக் கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் இரவு பகலாக ஓட்டுகிறான், நல்ல காரியம்தான் என்கிறான். மின் கட்டணம் எவ்வளவு கூடும்? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடலாமா?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: அம்மா, கணக்கு எளிது. கணிப்பொறி முழுவதும் சேர்ந்து சுவரிலிருந்து 180 வாட் எடுத்தால், அறுபது நாளும் நிற்காமல் ஓட 259 யூனிட் ஆகும். சிறிய கார்டும் குறைத்த பவர் லிமிட்டும் சேர்ந்து மொத்தம் 130 வாட் என்றால் 187 யூனிட். இரவு பத்து மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு மற்ற நேரம் அணைத்துவைத்தால் 78 யூனிட். இந்த யூனிட்டுகள் உங்கள் வீட்டுப் பயன்பாட்டின் உச்சியில் போய் உட்காரும் என்பதால், இலவச யூனிட்டுகளையோ மலிவான கீழ்ப்படியையோ வைத்துக் கணக்கிடக் கூடாது. உங்கள் பில்லில் கடைசிப் படியின் விலை எதுவோ அதனால்தான் பெருக்க வேண்டும். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளிலும் சலுகை குறைந்துவிடும். எனவே 450இல் நிற்கும் வீட்டுக்கு இது சிறிய செய்தியல்ல. ஏசி அறையில் ஓடினால், கணிப்பொறியின் வெப்பத்தை வெளியேற்ற ஏசி எடுக்கும் மின்சாரத்துக்காக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகன் செய்வது நல்ல காரியம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டணம் கட்டுபவரைக் கேட்டுச் செய்வது முறை. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து, இருவரும் பேசி ஒரு யூனிட் வரம்பை முடிவு செய்யுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடக் கூடாது. மேசைக் கணிப்பொறிக்குத் தான் பேட்டரியில் ஓடுவது தெரியாது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்திருக்கும் மின்சாரத்தை அது தின்றுவிடும். கணிப்பொறியை இன்வெர்ட்டர் இல்லாத லைனில் போட்டு, சிறிய யுபிஎஸ் ஒன்றை வையுங்கள். மின்சாரம் போனால் வேலையை நிறுத்தி ஒழுங்காக அணைக்கும் அளவுக்கு அது தாங்கும். பெரும்பாலான வேலைகள் இடையிடையே தம்மைச் சேமித்துக்கொள்வதால் சில நிமிட உழைப்புதான் வீணாகும்.

கேள்வி: கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. ஒரே ஆண்டில் கார்டின் ஒரு மின்விசிறி நின்றுவிட்டது, திருகுகள் துருப்பிடித்திருக்கின்றன. என்ன செய்வது?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: உப்புக் காற்றுக்கு முழு மருந்து கிடையாது, ஆனால் தாமதப்படுத்தலாம். கடல் பக்க ஜன்னலிலிருந்து விலகிய அறையில் வையுங்கள். முன்வலைக்குப் பின்னால் மெல்லிய வடிகட்டித் துணி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஓடும் கணிப்பொறி வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் படிவது குறைவு. மழைக்காலத்தில் பல வாரம் அணைத்து வைப்பதுதான் துருவுக்கு வழிவிடும். கேபினெட்டின் பின்னால் திறந்து கிடக்கும் ஸ்லாட் இடைவெளிகளை மூடுங்கள். வெதுவெதுப்புக்காகப் பல்லி உள்ளே புகுந்து எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி, பல்லியும் போய் இயந்திரமும் போன வீடுகள் நம் பக்கம் உண்டு.

நின்றுபோன மின்விசிறிக்கு அதே மாடல் கிடைத்தால் மாற்றுங்கள். வாங்கும்போது பால் பேரிங் உள்ளதாகக் கேளுங்கள், தொடர்ந்து ஓடும் வேலைக்கு அது நெடுநாள் வரும். கிடைக்காவிட்டால், கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் பழைய மின்விசிறிகளையும் கழற்றிவிட்டு, சாதாரண கேபினெட் மின்விசிறிகள் இரண்டை ஹீட்சிங்கின் மேல் கேபிள் டையால் கட்டி, மதர்போர்டில் இணைத்துவிடலாம். பார்க்க அழகாக இராது. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதிகக் காற்றைத் தள்ளுவதால், பல கார்டுகளில் பழைய அமைப்பைவிட இதுவே குளிர்ச்சியாகவும் சத்தமின்றியும் ஓடுகிறது. கார்டு இனி அவற்றின் வேகத்தைத் தானாகக் கூட்டாது என்பதால், மதர்போர்டு அமைப்பில் ஒரே வேகத்தில் நிறுத்திவையுங்கள்.

புளோயரால் தூசி ஊதும்போது மின்விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங்கும் கெடும், மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி கார்டுக்குத் திருப்பியும் அனுப்பலாம்.

கேள்வி: இங்கே குளிர்காலத்தில் ஹீட்டருக்குப் பதிலாக கார்டை ஓட்டினால் மின்சாரம் வீணாகாது என்கிறார்களே, உண்மையா?
(டொராண்டோ வாசகர்)

பதில்: உங்கள் வீட்டில் மின்சாரச் சுருள் ஹீட்டர் என்றால் உண்மை. 150 வாட் கணிப்பொறியும் 150 வாட் ஹீட்டரும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும்; கணிப்பொறி கூடவே ஒரு கணக்கையும் முடித்துக் கொடுக்கும். ஹீட் பம்ப் உள்ள வீடு என்றால், அது அதே மின்சாரத்தில் இரண்டு மூன்று மடங்கு வெப்பம் தரும் என்பதால் அந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: அப்பாவின் பழைய கணிப்பொறியில் 1650 கார்டு இருக்கிறது. பெரிய கார்டுகள் ஓடும் உலகில் இதனால் ஏதாவது பயன் உண்டா? அதிக வேகத்துக்கு "ஓவர்கிளாக்" செய்யலாமா?
(பள்ளி மாணவி, கும்பகோணம்)

பதில்: பயன் உண்டு, தங்கையே. 2010 ஆகஸ்டில் ஐன்ஸ்டைன் அட் ஹோம் தன் முதல் கண்டுபிடிப்பை அறிவித்தது: நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு பல்சார் விண்மீன். அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த தரவில் அதைப் பிடித்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணிப்பொறியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவர் நிர்வகித்த கணிப்பொறியும். இரண்டு கணிப்பொறிகள் என்பது தற்செயலல்ல. ஒரே வேலைத் துண்டை இரண்டு இடங்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள்.

ஓவர்கிளாக் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுவே. விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறித் தெரிந்தால் கண் கவனிப்பதில்லை. கணக்கில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் மணிக்கணக்கான உழைப்பு மொத்தமும் தள்ளுபடியாகி, அதே துண்டு மூன்றாவது ஒருவருக்குப் போகும். மெதுவாகச் செய்த சரியான விடைக்கு முழு மதிப்பு உண்டு. காலக்கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால் போதும். ஃபோல்டிங் அட் ஹோமில் கெடு குறுகியது, விரைந்து முடிப்பவருக்குக் கூடுதல் புள்ளியும் உண்டு. ஆகவே பள்ளி நேரத்தில் அணைத்துவைக்கும் கணிப்பொறிக்கு பல நாள் கெடு தரும் ஐன்ஸ்டைன் பொருந்தும். அப்பாவிடம் கேட்டு, முதல் வாரம் மாலையில் மட்டும் ஓட்டிப் பார். திட்டத்தின் இணையப் பக்கத்தில் உன் கணக்குக்குள் போனால், உன் கணிப்பொறி அனுப்பிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அது செல்லுமா செல்லாதா என்று எழுதியிருக்கும். செல்லாதவை தொடர்ந்து வந்தால், கார்டின் வேகத்தை ஒரு படி குறைத்துவிட்டு மறுபடி அதே பக்கத்தைப் பார்.